கேள்வி – பதில்: கூச்சத்தால் தள்ளிப்போகும் ஒரு பரிசோதனை

சென்ற இதழில், எச்.ஐ.வி.யுடன் வாழும் ஆண்கள் ஆண்டுதோறும் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகளைப் பற்றி எழுதியபோது, ஆசனவாய்ப் புற்றுநோய்க்கு முந்தைய நிலையைக் கண்டறியும் பரிசோதனையும் அவற்றில் ஒன்று என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரிக்கு வந்தவை அதிகம். பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை; ஊர் இல்லை; சிலவற்றில் கேள்விகூட முழுதாக இல்லை, பாதியில் நின்றுவிட்டிருந்தது. ஆகவே இந்த இதழை முழுவதும் இதற்கே ஒதுக்கி, ஒன்றுபோல் இருந்த கடிதங்களைச் சேர்த்து விடை எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 48 வயது. 15 ஆண்டுகளாக எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரைகளை ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருக்கிறது. எதிர்ப்பாற்றலைக் காட்டும் சிடி4 செல்களின் எண்ணிக்கை 600க்கு மேல். எந்த உபாதையும் இல்லை. இருந்தும் சென்ற முறை போனபோது, ஆசனவாயில் ஸ்வாப், அதாவது குச்சியால் செல் மாதிரி, எடுத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். இத்தனை ஒழுங்காக மருந்து சாப்பிட்ட பிறகும் என்ன சந்தேகம்?

பதில்: உங்கள் ஒழுங்கின் மீது அவருக்குச் சந்தேகம் எதுவும் இருக்காது. இங்கே இரண்டு வைரஸ்கள் இருக்கின்றன என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மாத்திரையால் அடக்கி வைத்திருப்பது எச்.ஐ.வி.யை. ஆசனவாய்ப் புற்றுநோயை உண்டாக்குவதோ எச்.பி.வி. எனப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். இந்தப் புற்றுநோய் வந்த பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேரிடம் அதுவே காரணமாக இருக்கிறது. அந்த வைரஸிலும் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு என்றாலும், 16ஆம் எண் வகைதான் இங்கே முதன்மைக் குற்றவாளி. ஏ.ஆர்.டி. மாத்திரைகள் எச்.பி.வி.யை நேரடியாக ஒன்றும் செய்வதில்லை. இரத்தத்தில் எச்.ஐ.வி. கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவின் மூலம் அது பிறருக்குப் பரவாது என்ற நல்ல செய்தி எச்.ஐ.வி.க்கு மட்டுமே பொருந்தும், எச்.பி.வி.க்குப் பொருந்தாது.

உடலுறவில் ஈடுபடும் மனிதர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் எப்போதாவது எச்.பி.வி. தொற்றிவிடுகிறது. பலருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே அதை ஓரிரு ஆண்டுகளில் துடைத்துவிடும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அந்தத் துடைப்பு சரியாக நடப்பதில்லை, வைரஸ் தங்கிவிடுகிறது. இன்று உங்கள் சிடி4 600 என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் மருந்து தொடங்குவதற்கு முன் அது எவ்வளவு கீழே இறங்கியிருந்தது, எத்தனை காலம் அங்கேயே கிடந்தது என்பதும் கணக்கில் வரும். அந்த ஆண்டுகளில் தங்கிக்கொண்ட எச்.பி.வி., எதிர்ப்பாற்றல் மீண்ட பிறகும் காலி செய்துகொண்டு போவதில்லை. நீங்கள் புகை பிடிப்பவராக இருந்தால் அதுவும் இதற்குத் துணை போகும்.

தங்கும் இடத்தையும் சொல்ல வேண்டும். ஆசனவாய்க்குள் சில சென்டிமீட்டர் தள்ளி, மலக்குடலின் மெல்லிய சவ்வு முடிந்து தோலைப் போன்ற படலம் தொடங்குகிற ஓர் எல்லை இருக்கிறது. ஒருவகைச் செல் இன்னொரு வகையாக மாறிக்கொண்டே இருக்கும் இடம் அது, எச்.பி.வி.க்கு மிகவும் வாகான இடம். பெண்களின் கர்ப்பப்பை வாயிலும் இதே போன்ற எல்லை உண்டு. அங்கே புற்றுநோய் உருவாவதும் இதே வழியில்தான். கர்ப்பப்பை வாய்க்கு பாப் ஸ்மியர் என்ற பரிசோதனை இருப்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்களிடம் எடுக்கச் சொன்ன ஸ்வாப் அதன் உடன்பிறப்பு.

இனி எண்களைப் பார்ப்போம். பொதுமக்களில் ஒரு லட்சம் பேரை ஓராண்டு கவனித்தால் ஒருவருக்கோ இருவருக்கோ ஆசனவாய்ப் புற்றுநோய் வரும். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான கணக்கின்படி, எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்து, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களில் அது ஏறத்தாழ 85. அவர்களுள் 60 வயதைக் கடந்தவர்களில் 100க்கும் மேல். எச்.ஐ.வி. உள்ள மற்ற ஆண்களில் ஏறத்தாழ 32. மருந்து வந்து ஆயுள் நீண்டதால்தான் இந்த நோயை அதிகம் பார்க்கிறோம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முன்பு எச்.ஐ.வி. உள்ளவர்கள் இந்தப் புற்றுநோய் வரும் வயது வரை இருக்கவில்லை, இப்போது இருக்கிறார்கள்.

உபாதை இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். புற்றுநோய்க்கு முந்தைய நிலையில் வலி இருக்காது, இரத்தம் வராது, கைக்கும் பெரும்பாலும் தட்டுப்படாது. உபாதை தொடங்கும்போது அது பல சமயம் முந்தைய நிலையைத் தாண்டியிருக்கும். ஒன்றும் இல்லாதபோதே பார்க்கச் சொல்வதன் காரணம் அதுதான்.

கேள்வி: எச்.ஐ.வி. உள்ளவன். ஆனால் நான் ஆண்களோடு உறவு கொண்டவன் அல்லன். மனைவி, குழந்தைகள் உண்டு. வயது 52. இந்தப் பரிசோதனை எனக்கு எதற்கு? கேட்டாலே அவமானமாக இருக்கிறது.

பதில்: உங்களுக்கு ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. மேலே சொன்ன 32 என்ற எண் உங்களைப் போன்றவர்களையும் உள்ளடக்கியது. எச்.பி.வி. தோலோடு தோல் உரசுவதால் பரவுகிற வைரஸ். பிறப்புறுப்பில் இருக்கும் தொற்று விரல் வழியாகவோ, அடுத்தடுத்த தோலின் வழியாகவோ ஆசனவாய்க்குப் போய்ச் சேர முடியும். ஆசனவாய் வழி உறவே கொள்ளாதவர்களிடமும் அது அங்கே இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

இதனால்தான் ஆசனவாய்ப் புற்றுநோயையும் அதன் முந்தைய நிலையையும் ஆராயும் சர்வதேச அமைப்பு 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எச்.ஐ.வி. உள்ளவர்களில் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களும் திருநங்கையரும் 35 வயதிலிருந்தும், எச்.ஐ.வி. உள்ள மற்ற ஆண்களும் பெண்களும் 45 வயதிலிருந்தும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. உங்கள் மருத்துவர் பார்த்தது உங்கள் வயதையும் எச்.ஐ.வி.யையும் மட்டுமே. படுக்கையறை விவரம் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை. 45 தாண்டிவிட்டதால் விவரம் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய பரிசோதனை ஒன்றுதான். இளம் வயதினருக்கு மட்டும் அந்த விவரம் பத்து ஆண்டு வித்தியாசத்தை உண்டாக்குகிறது. அவர்கள் சொல்வது நல்லது.

கேள்வி: அந்தப் பரிசோதனையில் உண்மையில் என்ன செய்வார்கள்? வலிக்குமா? மயக்க மருந்து கொடுப்பார்களா? முன்கூட்டியே வயிற்றைச் சுத்தம் செய்துகொண்டு போக வேண்டுமா?

பதில்: இந்தக் கேள்வி ஏழு கடிதங்களில் இருந்தது. எனவே அறைக்குள் நுழைவதிலிருந்து சொல்கிறேன்.

வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டாம், எனிமாவும் கூடாது. முந்தைய 24 மணி நேரத்தில் ஆசனவாய் வழி உறவோ, உள்ளே களிம்பு வைப்பதோ, நீர் பீய்ச்சிக் கழுவுவதோ இல்லாமல் இருந்தால் போதும்; அவையெல்லாம் நமக்கு வேண்டிய செல்களையே அடித்துக்கொண்டு போய்விடும்.

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களை மார்பை நோக்கி மடக்கிக்கொள்ளச் சொல்வார்கள். இடுப்புக்கு மேல் ஒரு துணி போர்த்தியிருக்கும். மருத்துவர் தண்ணீரில் நனைத்த ஒரு ஸ்வாப்பை, அதாவது நீண்ட குச்சியின் முனையில் செயற்கை இழை சுற்றிய ஒன்றை, நான்கு ஐந்து சென்டிமீட்டர் உள்ளே செலுத்துவார். வழுக்குக் களிம்பு இப்போது போடமாட்டார்; களிம்பு ஒட்டினால் செல்களைப் பார்க்க முடியாது. பிறகு, சுவரோடு அழுத்திச் சுழற்றிக்கொண்டே, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே இழுப்பார். அவசரமாக இழுத்துவிட்டால் செல்கள் போதாமல் அறிக்கை பயனற்றுப் போகும். வலி என்று சொல்ல முடியாது. மலம் வருவது போன்ற ஓர் உணர்வும் கொஞ்சம் உறுத்தலும் இருக்கும். ஸ்வாப்பின் முனையை ஒரு சிறு புட்டியில் உள்ள திரவத்தில் அலசிவிட்டு மூடிவிடுவார்கள். அந்தப் புட்டி ஆய்வுக்கூடத்துக்குப் போகும். சில இடங்களில் அதே திரவத்தில் எச்.பி.வி. வகையையும் பார்ப்பார்கள்.

ஸ்வாப் முடிந்த பிறகுதான் கையுறை அணிந்த விரலில் களிம்பு தடவி, உள்ளே விட்டுச் சுற்றிலும் தொட்டுப் பார்ப்பார். இந்த வரிசை மாறக்கூடாது. விரல் சோதனை என்றால் பலருக்கு இளக்காரம். ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் வரும் மரியாதை விரலுக்கு வருவதில்லை. ஆனால் உள்ளே ஒரு கடினமான திட்டு, பருப்பளவு கட்டி, தொட்டால் மட்டும் வலிக்கும் ஒரு புள்ளி ஆகியவற்றை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் விரல்தான். இதற்கு ஒரு நிமிடம் ஆகும்.

ஸ்வாப்பில் சந்தேகம் வந்தால் அடுத்த படி, ஹை ரெசல்யூஷன் அனோஸ்கோபி. பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, செய்வது இதுதான்: விரல் பருமனுள்ள ஒரு சிறு குழாயை உள்ளே வைத்து, ஐந்து சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த துணியைச் சற்று நேரம் உள்ளே விட்டுவைப்பார்கள். மாற்றமடைந்த செல்கள் இருக்கும் இடம் அந்த அமிலம் பட்டதும் வெள்ளையாக வெளுத்துக் காட்டும். பின்னர் அயோடின் கரைசலைத் தடவுவார்கள். நல்ல படலம் அதைக் குடித்துக் கருஞ்சிவப்பாக, கிட்டத்தட்டப் பழுப்பாக ஆகும். கெட்டுப்போன திட்டு குடிக்காமல் மஞ்சளாக நிற்கும். இவற்றையெல்லாம் கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவி வழியாக அங்குலம் அங்குலமாகப் பார்த்து, சந்தேகமான இடத்தில் அரிசி மணிக்கும் குறைவான அளவுக்குச் சதை கிள்ளி ஆய்வுக்கு எடுப்பார்கள்; இதுதான் பயாப்சி. ஆழத்தில் உள்ள எல்லைக்கு மேலே கிள்ளினால் பெரும்பாலும் தெரியாது. கீழே தோல் பகுதியில் கிள்ளுவதற்கு முன் மரத்துப்போக ஊசி போடுவார்கள். அந்த ஊசிதான் சுருக்கென்று இருக்கும். முழு மயக்கம் தேவையில்லை. மறுநாள், அதற்கு அடுத்த நாள் மலத்தில் சிறிது இரத்தக் கசிவு இருக்கலாம். ஒரு வாரம் பத்து நாள் ஆசனவாய் வழி உறவைத் தவிர்க்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது.

கேள்வி: என் பயாப்சி அறிக்கையில் எச்.எஸ்.ஐ.எல். என்று போட்டிருக்கிறது. இணையத்தில் தேடியதிலிருந்து தூக்கம் இல்லை. எனக்குப் புற்றுநோய் வந்துவிட்டதா?

பதில்: வரவில்லை. உயர்நிலைச் செல் மாற்றம் என்பதன் சுருக்கம் அது. செல்களின் தோற்றம் மாறியிருக்கிறது. ஆனால் அவை தம் படலத்தை உடைத்துக்கொண்டு கீழே இறங்கவில்லை. இறங்கினால்தான் புற்றுநோய். எல்.எஸ்.ஐ.எல். என்று போட்டிருந்தால் அது தாழ்நிலை மாற்றம். பெரும்பாலும் பாலுண்ணி போன்ற மருக்களின் வகை. அதற்குப் புற்றுநோயாக மாறும் ஆற்றல் மிகக் குறைவு. ஸ்வாப் அறிக்கையில் வரும் ஆஸ்கஸ் என்பது, என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியாத மாற்றம் என்று பொருள்படும். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஸ்வாப் சொல்லும் தரமும் பயாப்சி சொல்லும் தரமும் அடிக்கடி வேறுபடும். ஸ்வாப்பில் தாழ்நிலை என்று வந்தவருக்குள் உயர்நிலைத் திட்டு இருப்பது அரிதல்ல. அதனால்தான் ஸ்வாப் கதவைத் தட்டுவதோடு நிற்கிறது. தீர்ப்பு பயாப்சியின் கையில்.

உங்கள் தூக்கத்துக்காக ஓர் ஆய்வைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆங்கர் என்று பெயர். அமெரிக்காவில் பல மருத்துவ மையங்களில் நடந்தது. எச்.ஐ.வி.யுடன் வாழும், 35 வயது நிரம்பிய 10,000க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோரிடம், அதாவது 52 சதவீதத்தினரிடம், எச்.எஸ்.ஐ.எல். இருந்தது. இதை நிறுத்திப் படியுங்கள்: அந்தக் கூட்டத்தில் உங்களுக்கு வந்த அறிக்கைதான் பெரும்பான்மையோரின் அறிக்கை. அவர்களில் 4,400க்கும் மேற்பட்டவர்களை இரண்டு குழுவாகக் குலுக்கிப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே சிகிச்சை அளித்தார்கள். மறு குழுவைச் சிகிச்சையின்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கவனமாகப் பார்த்துவந்தார்கள். சராசரியாக இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல் ஆனபோது, சிகிச்சை பெற்ற குழுவில் 9 பேருக்கும், பெறாத குழுவில் 21 பேருக்கும் புற்றுநோய் வந்திருந்தது. சிகிச்சை ஆபத்தை 57 சதவீதம் குறைத்தது. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் 2021 அக்டோபரில் ஆய்வை நிறுத்தி, எல்லோருக்கும் சிகிச்சை அளிக்க முடிவு செய்தார்கள். முடிவுகள் 2022 ஜூனில் வெளியாயின.

இந்த எண்களை இரு பக்கமும் படிக்க வேண்டும். சிகிச்சை பெறாத குழுவில்கூட ஓராண்டில் புற்றுநோய் வந்தது ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு. ஆகவே நாளைக்கே கத்திக்குப் போக வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. அதே சமயம், 250இல் ஒன்று என்பது ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும் கணக்கு; பத்து இருபது ஆண்டுகள் சேர்ந்தால் அது சிறிய எண்ணாக இருக்காது. திட்டு பரந்து, ஆசனவாய்ச் சுற்றில் பாதிக்கு மேல் இருந்தவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடியிருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. எனவே உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "எச்.எஸ்.ஐ.எல். என்றால் என்ன?" என்பதைவிட, "எவ்வளவு பரப்பில் இருக்கிறது? எப்போது சிகிச்சை தொடங்கலாம்?" என்பதே.

கேள்வி: என் கணவருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ஓராண்டாக மலத்தோடு இரத்தம் வருகிறது. மூலம் என்று சொல்லி மருந்துக்கடைக் களிம்பைத் தடவிக்கொள்கிறார். மருத்துவரிடம் காட்டச் சொன்னால் கோபப்படுகிறார். உங்கள் வரியைப் படித்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்துக்கு மற்றவற்றிலிருந்து வேறுபட்ட விடை சொல்ல வேண்டியிருக்கிறது. இதுவரை நான் எழுதியது உபாதை இல்லாதவர்களுக்கான பரிசோதனையைப் பற்றி. உங்கள் கணவருக்கு உபாதை இருக்கிறது. அவருக்கு வேண்டியது நோயறிதல். ஸ்வாப்புக்கு நாள் குறித்துக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே ஒரு மருத்துவர் விரல் விட்டும், குழாய் வைத்தும் பார்க்க வேண்டும்.

அது மூலமாகவே இருக்கலாம். மூலம் மிகச் சாதாரணமான நோய். வெடிப்பாகவும் இருக்கலாம். ஆனால் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. இரத்தத்தின் நிறத்தை வைத்தும் சொல்ல முடியாது. என்னிடம் ஒருவர் வந்தார். ஆறு ஆண்டுகளில் மூன்று பேரிடம் காட்டியிருந்தார். மூவரும் எழுதிய மருந்துச் சீட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் அடுக்கி, தேதி வாரியாக வைத்திருந்தார். மூன்றிலும் மூலக் களிம்பு; மூன்றிலும் மலச்சிக்கலுக்குத் தூள். எந்தச் சீட்டிலும் விரலால் பார்த்ததாக ஒரு சொல் இல்லை. கேட்டபோது, "யாரும் பார்க்கவில்லை டாக்டர், நானும் காட்டவில்லை" என்றார். விரலுக்கு ஒரு புளியங்கொட்டை அளவில் கட்டி தட்டுப்பட்டது. அவருக்குக் கதிர்வீச்சும் கீமோதெரபியும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் நலமாக இருக்கிறார். இந்தப் புற்றுநோய் பரவாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால் பெரும்பாலும் அறுவை இல்லாமலேயே குணமாகக் கூடியது. இருந்தாலும் அந்தச் சில வாரச் சிகிச்சையின் எரிச்சலையும் புண்ணையும் அவர் விவரித்ததை நான் மறக்கவில்லை. அந்த மூன்று பேரில் ஒருவர் கையுறை அணிந்திருந்தால் போதும் என்று இன்றும் எனக்குக் கோபம் வருவதுண்டு.

கணவரிடம் புற்றுநோய் என்ற சொல்லை எடுக்காதீர்கள். "மூலம்தான் என்று மருத்துவரும் சொல்லிவிட்டால் அதற்குச் சரியான மருந்தாவது கிடைக்குமே" என்று சொல்லிப் பாருங்கள். கோபத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் பயம்தான். இரத்தத்தோடு, உட்கார்ந்தால் வலி, மலம் கழித்த பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, கைக்குத் தட்டுப்படும் கட்டி, இடுப்பு மடிப்பில் நெறி கட்டுதல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்திருந்தால் இன்னும் அவசரம். மூல அறுவை செய்வதாக இருந்தால், வெட்டி எடுத்த சதையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கும் எச்.ஐ.வி. இருக்குமானால், 25 வயதிலிருந்தே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அவரை அழைத்துப் போகும் அன்றே அதையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்குச் சென்ற ஆண்டு கொலோனோஸ்கோபி செய்து எல்லாம் சரி என்றார்கள். அது போதாதா?

பதில்: போதாது. கொலோனோஸ்கோபிக் குழாய் ஆசனவாயைக் கடந்து பெருங்குடலைப் பார்க்கப் போகிறது. வாசலை யாரும் நின்று பார்ப்பதில்லை. அசிட்டிக் அமிலமும் உருப்பெருக்கியும் இல்லாமல் இந்தத் திட்டுகள் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. இரத்தப் பரிசோதனை எதுவும் இதற்கு மாற்று ஆகாது.

கேள்வி: எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை வேண்டாம் அல்லவா? எனக்கு 50 வயது.

பதில்: தடுப்பூசி இன்னும் தொற்றாத வகையைத் தடுக்கும், ஏற்கெனவே குடியேறியதை விரட்டாது. இளைஞர்களுக்கு அது அருமையான ஆயுதம்: ஆண்களோடு உறவு கொள்ளும், 16 முதல் 26 வயதுள்ள ஆண்களிடம் நடத்திய ஆய்வில், ஆசனவாயின் உயர்நிலை மாற்றங்களை அது வெகுவாகக் குறைத்ததை 2011இல் காட்டினார்கள். எச்.ஐ.வி. உள்ள, 27 வயது நிரம்பியவர்களிடம் நடந்த மற்றொரு ஆய்வில் அத்தகைய பலன் தெரியவில்லை. எச்.ஐ.வி. உள்ள இளைஞருக்கு மூன்று தவணையாகப் போட வேண்டும். ஒன்றோ இரண்டோ போதாது. உங்கள் வயதில் போட்டால் தீங்கு இல்லை. ஆனால் போட்டுக்கொண்டாலும் பரிசோதனையை விட முடியாது.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் ஸ்வாப் எடுக்கிறார்கள். ஆனால் நீங்கள் சொல்லும் அந்த அனோஸ்கோபி பக்கத்தில் எங்கும் இல்லை. ஸ்வாப் மட்டும் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: என் கருத்து, வேண்டாம் என்பது, வழிகாட்டுதல்களும் அதைத்தான் சொல்கின்றன. ஸ்வாப்பில் கோளாறு என்று வந்த பிறகு அடுத்த கதவு பூட்டியிருந்தால், உங்களுக்குக் கிடைப்பது கவலை மட்டும். அடுத்த கதவு இருக்கும் இடத்தில்தான் முதல் கதவைத் தட்ட வேண்டும். ஹை ரெசல்யூஷன் அனோஸ்கோபி செய்யப் பயிற்சி பெற்றவர்கள் எல்லா நாடுகளிலும் குறைவு. வசதி மிகுந்த நாடுகளிலும் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஒருவர் அதில் கைதேற நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கற்றுக்கொள்ளும் காலத்தில் திட்டுகளைத் தவறவிடுவதும் உண்டு. இது நோயாளிகள் தீர்க்கக் கூடிய குறை அல்ல.

அத்தகைய இடத்தில் செய்யக் கூடியது, ஆண்டுக்கு ஒருமுறை விரல் பரிசோதனை; அதோடு இரத்தம், வலி, கட்டி, அரிப்பு உண்டா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வது. இது முந்தைய நிலையைப் பிடிக்காது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் புற்றுநோய் வந்தால் அதைச் சிறியதாக இருக்கும்போதே பிடிக்கும். இரண்டு சென்டிமீட்டருக்குள் பிடிப்பதற்கும் ஐந்து சென்டிமீட்டரில் பிடிப்பதற்கும் சிகிச்சையில் பெரிய வேறுபாடு இருக்கிறது. குளிக்கும்போது சோப்பு நுரையோடு தாமே வெளிப்பக்கத்தையும் ஆசனவாயின் விளிம்பையும் தொட்டுப் பழகியவர்கள், புதிதாக ஒன்று முளைத்தால் உடனே அறிகிறார்கள். மருத்துவரின் விரலுக்கு அது மாற்று இல்லை என்றாலும் நல்ல பழக்கம்.

கேள்வி: சிகிச்சை என்றால் வெட்டி எடுப்பதா? ஒருமுறை செய்தால் முடிந்துவிடுமா?

பதில்: முன்பு வெட்டினார்கள், அதனால் ஆசனவாய் குறுகிப்போய்த் துன்பப்பட்டவர்களும் உண்டு. இப்போது பெரும்பாலும் மரத்துப்போக ஊசி போட்டு, மின்சூட்டுக் கருவியால் அந்தத் திட்டை மட்டும் சுட்டு எடுக்கிறார்கள். வந்த அன்றே வீடு திரும்பலாம். ஆங்கர் ஆய்விலும் இதுவே மிக அதிகமாகப் பயன்பட்டது. அகச்சிவப்புக் கதிரால் சுடுவதும் உண்டு. சிறு திட்டுகளுக்கு டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் தடவுவதும், பரந்த திட்டுகளுக்கு ஃப்ளோரோயூராசில் அல்லது இமிக்விமாட் களிம்பை வாரக்கணக்கில் பூசிக்கொள்வதும் உண்டு. களிம்பு வீட்டிலேயே போட்டுக்கொள்ளக் கூடியது என்பதால் எளிதாகத் தோன்றும். ஆனால் அது உண்டாக்கும் எரிச்சல் சிலருக்குச் சூட்டைவிடக் கடுமை. சுட்ட பிறகு ஒரு வாரம், இரண்டு வாரம் மலம் கழிக்கும்போது வலிக்கும். மலம் இறுகாமல் பார்த்துக்கொண்டு, வெதுவெதுப்பான நீரில் உட்கார்ந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். சீழ்க்கட்டி போன்ற கடும் விளைவுகள் நேர்ந்ததுண்டு. ஆனால் சிகிச்சை பெற்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஏழு பேருக்கே அத்தகைய கடும் பாதிப்பு ஆய்வு தொடர்பாக ஏற்பட்டது.

ஒருமுறையோடு முடிவது அரிது. திட்டைச் சுடலாம், சுற்றிலும் உள்ள வைரஸைச் சுட முடியாது. அதே இடத்திலோ வேறு இடத்திலோ மீண்டும் முளைக்கும். மீண்டும் சுட வேண்டியிருக்கும். தோட்டத்தில் கோரைப்புல்லைக் களைவது போன்ற வேலை இது. சிலருக்குத் தானாகவும் மறைவதுண்டு. எது மறையும், எது முற்றும் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை இன்னும் கைக்கு வரவில்லை என்பதால்தான் எல்லாவற்றையும் எடுக்கிறோம்.

கேள்வி: இத்தனையும் படித்துவிட்டேன். ஆனால் என் மருத்துவரிடம் வாயைத் திறந்து எப்படிக் கேட்பது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன், மாத்திரை வாங்குகிறேன், வெளியே வந்துவிடுகிறேன். வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.

பதில்: மருத்துவருக்கும் கூச்சம் இருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? அவர் நீங்கள் கேட்கட்டும் என்று காத்திருக்கிறார். நீங்கள் அவர் கேட்கட்டும் என்று காத்திருக்கிறீர்கள். அடுத்த முறை போகும்போது ஒரு சீட்டில் இப்படி எழுதி, உங்கள் மருத்துவக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் வைத்து நீட்டுங்கள்: "என் வயது இவ்வளவு. எச்.ஐ.வி. உண்டு. ஆசனவாயில் விரல் பரிசோதனை இதுவரை செய்ததில்லை. இன்று செய்ய முடியுமா? ஸ்வாப்பும் அனோஸ்கோபியும் எங்கே கிடைக்கும்?" அவர் படித்துவிட்டுப் பக்கத்து அறையில் போய்ப் படுக்கச் சொன்னால், போய் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளுங்கள்.